எதையும் மறைக்கமாட்டேன்

குரோருட், ஒஸ்லோ
24.11.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

ரஞ்சனி எழுதுகிறேன். நானும் எமிலியாவும் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? போனில் கேட்டால் "என்ன? என்ன?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டுக் கடைசியில் மழையைப் பற்றிப் பதில் சொல்வீர்கள். முப்பத்தொரு வருடம் பேசாலையில் தபால் அதிபராக இருந்தவருக்குக் கடிதம்தான் சரிவரும் என்று எமிலியா சொல்கிறாள். எனக்கும் அதுதான் வசதி. உங்கள் தம்பி கண்மூடி நான் தனித்தபிறகு தமிழில் எழுத எனக்கு வேறு ஆளும் இல்லை.

இங்கே பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது. யாக்கெற்றில் ரெஃப்லெக்ஸ் தொங்கவிட்டுக்கொண்டுதான் வெளியே போகிறோம். வாகன வெளிச்சம் பட்டால் மின்னுமே, அந்தச் சின்ன வில்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்ததும் மரக்கறிக்குக் குறொன்லாண்ட் வரை போய்வருகிறேன். ட்வெய்ட்டாக் கடைத்தெரு கிட்டத்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கே நான் போவதில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். போன கிழமை எமிலியா தபால் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தோடு மேலே ஓடிவந்தாள். எட்டு வயதிலிருந்து அந்தப் பெட்டியின் திறப்பு அவளிடம்தான். இருபது வயதாகியும் அதை யாருக்கும் கொடுக்கமாட்டாள்.

"அம்மா, உங்களை நீதிபதியாக்கிப் போட்டினம்!" என்றாள்.

பகிடி என்றுதான் நினைத்தேன். பகிடி இல்லை. இங்கே குற்ற வழக்குகளில் படித்த நீதிபதியோடு சாதாரண சனத்தில் இரண்டுபேரும் மேசையில் இருப்பார்கள். மெட்டொம்மர் என்று பெயர். மாநகரசபை குடிசனப் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுத்ததில் என் பெயர் விழுந்திருக்கிறது. அடுத்த நான்கு வருடத்துக்கு எப்போது கூப்பிட்டாலும் போகவேண்டுமாம். தக்க காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. முதியவர்களுக்குச் சூப் பருக்குகிற என்னைப் போய்!

விலக்குக் கேட்டு எழுதியிருக்கிறேன். எனக்கு நொர்வேஜிய மொழி போதாது என்று காரணம் காட்டினேன். பார்ப்போம்.

உங்கள் அன்பு மறவாத
ரஞ்சனி


பேசாலை, மன்னார்
17.12.2024

அன்பின் ரஞ்சனிக்கு,

உமது கடிதம் இருபது நாளில் வந்து சேர்ந்தது. நான் இருந்த காலத்தில் பன்னிரண்டு நாள். கோயிலில் பாலன் குடில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் நாட்டில் யூரிமார் என்பார்களே, அதுவா? என் மாமனார் ஒருக்கால் யாழ்ப்பாணத்தில் யூரியாக இருந்து, ஒரு கிழமை கடைச்சாப்பாட்டில் வயிறு கெட்டு வந்தவர். தீர்ப்பைவிட அந்த வயிற்றைப் பற்றித்தான் சாகும்வரை கதைத்தார்.

மொழி தெரியாதென்று எழுதினால் நம்பமாட்டார்கள். வருத்தம் என்று எழுதும். நெஞ்சு நோ, இரத்த அழுத்தம், எது கைக்கு வருகிறதோ அதை எழுதும். நீதிமன்றத்துக்கும் எங்களுக்கும் என்ன? ஒருதரம் போய் வந்தது காணாதா? அங்கே போய் இருந்தால் பழையதெல்லாம் கிளறுப்படும்.

ஒன்று கேட்கிறேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான். தீர்த்து முடித்த பழைய வழக்குகளை அங்கே திரும்ப எடுப்பார்களா?

தை பதினான்காம் திகதி, தம்பி செல்வத்தின் நினைவுநாள் பூசைக்குக் கொடுத்துவிட்டேன். எமிலியாவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு
மச்சாள் புஷ்பராணி


குரோருட்
19.01.2025

அன்புள்ள மச்சாள்,

பூசைக்குக் கொடுத்ததற்கு நன்றி. எமிலியாவும் நானும் கல்லறைக்குப் போனோம். அரை மீற்றர் பனி. பெயரைக் காண்பதற்கே கையால் வழிக்கவேண்டியிருந்தது. அருட்செல்வம், 1968–2016. ஒன்பது வருடம்.

விலக்குத் தரமாட்டோம் என்று பதில் வந்துவிட்டது. மொழி தெரியாதென்ற என் கடிதம் மிக நல்ல மொழியில் எழுதப்பட்டிருக்கிறதாம். எமிலியாவைக் கொண்டு எழுதுவித்தால் வேறென்ன நடக்கும்! தொலைபேசியில் ஒரு பெண் என்னோடு பத்து நிமிடம் கதைத்துவிட்டு, "நீங்கள் நன்றாகத்தான் கதைக்கிறீர்கள்" என்று வைத்துவிட்டாள். வேலையிடத்திலும் தடை சொல்ல முடியாது, விடவேண்டும் என்பது சட்டம்.

மூன்று மணிநேரம் வகுப்பு வைத்தார்கள். யார் இருக்கலாம் என்று சொன்னார்கள். இருபத்தொன்றுக்கு மேல், எழுபதுக்குள். மொழி விளங்கவேண்டும். பெரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருக்கக்கூடாது. பொலிசும் வழக்கறிஞரும் இருக்கக்கூடாது. வழக்கில் உள்ள யாரையாவது தெரிந்தால் உடனே எழும்பிச் சொல்லவேண்டும். எங்கள் வாக்கும் படித்த நீதிபதியின் வாக்கும் சமம். நாங்கள் முதலில் சொல்லவேண்டும், அவர் கடைசியில்தான் சொல்வார். உள்ளே கதைத்ததைச் சாகும்வரை வெளியே விடக்கூடாது.

எனக்குப் பக்கத்தில் ரங்கராஜன் என்று ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை, கணினி வேலை. "அக்கா, நமக்கெல்லாம் என்ன தகுதி இருக்குன்னு கூப்பிட்டாங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி போகவில்லை.

மச்சாள், அந்த வகுப்பு நடந்த கட்டடத்தில்தான் அப்போது எங்கள் வழக்கும் நடந்தது. கரோலினாவை நினைத்தேன். காரில் வந்து இவரை மோதிய பெண். அப்போது இருபத்திரண்டு வயது. ஐம்பதில் போகவேண்டிய வீதியில் ஐம்பத்தெட்டில் வந்தாள் என்பது உண்மை. "அவர் ஓரத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகுதான் இறங்கினார்" என்று அவள் அழுதழுது சொன்னாள். எங்கள் பூசைக்கு வருகிற சனம் ஐந்தாறு பேர் எனக்குப் பின்னால் இருந்து "பொய்காரி" என்றார்கள். நாற்பத்தைந்து நாள் சிறை, வாகன அனுமதியும் பறிபோனது. தாதிப் படிப்பையும் விட்டுவிட்டாளாம். ட்வெய்ட்டாவில் ஒரு பேக்கரியில் நிற்கிறாள். ஒருமுறை கண்டேன், பிறகு அந்தப் பக்கம் போவதில்லை.

ஏன் இதையெல்லாம் எழுதுகிறேனோ தெரியாது. குளிருக்கு மனம் இப்படித்தான்.

அன்புடன்
ரஞ்சனி


பேசாலை
11.02.2025

அன்பின் ரஞ்சனிக்கு,

சுகம். நீரும் பிள்ளையும் தடித்த உடுப்புப் போட்டுக்கொள்ளும்.

அந்தப் பிள்ளை பேக்கரியில் நிற்பதை இன்றுதான் அறிகிறேன். நாற்பத்தைந்து நாள் என்றால் இரவையும் பகலையும் சேர்த்துத்தானே? தாய் தகப்பன் இருக்கிறார்களா? கலியாணம் முடித்துவிட்டாளா?

இதற்கெல்லாம் பதில் எழுதவேண்டாம். நடந்தது நடந்துவிட்டது. செல்வத்தை மந்திரித்த மண் போட்டு, சுவாமியார் மூன்றுபேர் நின்று அடக்கம் செய்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு அது போதும். நீர் உமது வேலையையும் பிள்ளையின் படிப்பையும் பாரும்.

பேசாலைக் கருவாடு கொஞ்சம் ஆள்வசம் அனுப்பியிருக்கிறேன். சுங்கத்தில் பிடிபட்டால் என் பெயரைச் சொல்லவேண்டாம்.

புஷ்பராணி


குரோருட்
04.05.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

கருவாடு பிடிபடாமல் வந்தது. பொரித்த மணத்துக்கு மேல்வீட்டுக்காரி கதவைத் தட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன், தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்டாள். நாங்கள் சுகம். உங்களுக்குக் கண் மங்குகிறதா? போன கடிதத்தில் எழுத்துகள் சரிந்திருந்தன.

சென்ற கிழமை முதல் வழக்குக்குப் போனேன். கல்யாணத்துக்குப் போவதுபோல எமிலியா என் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டாள். கறுப்பு மேலங்கி போட்ட நீதிபதி நடுவில், ஓய்வுபெற்ற ஒரு மரவேலைக்காரர் ஒருபக்கம், நான் மறுபக்கம். எழுந்து நின்று உறுதி கூறவேண்டும். நடப்பதையெல்லாம் கவனமாகக் கேட்பேன், எது உண்மையும் சரியும் என்று நினைக்கிறேனோ அதன்படி தீர்ப்பளிப்பேன் என்று. "உறுதி கூறுகிறேன்" என்று நொர்வேஜிய மொழியில் சொன்னபோது என் குரல் எனக்கே வேறு ஆளின் குரலாகக் கேட்டது.

திறந்த மன்றில் நடந்ததைச் சொல்லலாம், அதனால் சொல்கிறேன். ஒரு மனிதன் பக்கத்து வீட்டுக்காரரை மாடிப்படியில் தள்ளிவிட்டான் என்பது வழக்கு. அவனுடைய மனைவி சாட்சிக்கு வந்தாள். மனைவி என்றபடியால் விரும்பாவிட்டால் சாட்சி சொல்லத் தேவையில்லை என்று நீதிபதி சொன்னார். சொல்வேன் என்றாள். சுத்தமான முழு உண்மையைச் சொல்வேன், எதையும் மறைக்கமாட்டேன் என்று அவளும் உறுதி கூறினாள். பிறகு, "அந்த நேரம் அவர் வீட்டில்தான். என்னோடு இருந்து சாப்பிட்டார்" என்றாள். வெளியே போகவே இல்லையா என்று கேட்டார்கள். "இல்லை" என்றாள்.

மச்சாள், அந்த "இல்லை" எனக்குத் தெரிந்த "இல்லை". கேள்வி முடிய முன்னமே வந்துவிடுகிற ஒன்று. அவள் கேட்டவரைப் பார்க்கவில்லை, தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள்.

உள்ளே நாங்கள் என்ன கதைத்தோம், எப்படி முடித்தோம் என்பதைச் சொல்லமுடியாது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினியில் இருந்தேன். "அம்மா, நல்லாத்தானே போனது?" என்று எமிலியா கேட்டாள். ஓம் என்றேன்.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இன்றைக்கு முடியவில்லை. அடுத்த முறை எழுதுவேன்.

ரஞ்சனி


பேசாலை
30.05.2025

ரஞ்சனி,

நான் நலம். கண்ணும் நலம். நித்திரை வராமல் இரவில் எழுதியதால் எழுத்துச் சரிந்தது.

நீர் எழுதப்போவதை எழுதாதேயும். உம்மைவிடப் பதினேழு வயது மூத்தவள் சொல்கிறேன், கேளும். சிலதைக் காகிதத்தில் வைத்தால் அது எழுதியவருக்கும் சொந்தமில்லை, வாசித்தவருக்கும் சொந்தமில்லை. நான் அந்த வேலையில் இருந்தவள், எனக்குத் தெரியும்.

மாதா உம்மைக் காப்பாற்றட்டும்.

புஷ்பராணி


குரோருட்
22.06.2025

அன்புள்ள மச்சாள்,

உங்கள் சொல்லை மீறுகிறேன். முதல் தடவை, மன்னித்துக்கொள்ளுங்கள். இருந்துகொண்டு வாசியுங்கள்.

உங்கள் தம்பி விபத்தில் சாகவில்லை. அவராகத்தான் இறங்கினார்.

முள்ளந்தண்டு ஒப்பரேசனுக்குப் பிறகு பஸ் ஓட்டக்கூடாது என்று வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எப்படி இருந்தார் என்பதை உங்களுக்கு நான் ஒருநாளும் சரியாகச் சொல்லவில்லை. நித்திரை இல்லை. உடுப்பை மாற்றாமல் இரண்டு மூன்று நாள் சன்னலில் இருப்பார். டொக்டரிடம் போவோம் என்று கேட்பேன், "எனக்கென்ன விசரே?" என்று சீறுவார். சனத்துக்குத் தெரிந்துவிடும் என்று நானும் பேசாமல் விட்டேன். பூசைக்கு வராத நாளில் தடிமன், காய்ச்சல் என்று பொய் சொன்னேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று வேலையால் வந்தேன். குசினி மேசையில் அவருடைய கல்யாண மோதிரம், கழுத்தில் போடுகிற மாதா உத்தரியம், ரெஃப்லெக்ஸ். மூன்றையும் ஒரு துடைதுணியை மடித்து அதன்மேல் வைத்திருந்தார். இருட்டில் ரெஃப்லெக்ஸ் இல்லாமல் படி இறங்காத மனிதன் அவர். பஸ் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும், அது இல்லாதவரை ஓட்டி காண்பதில்லை என்று எமிலியாவுக்கு நூறு தரம் சொல்லியிருப்பார். மேசையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பொலிஸ் வந்து மணியடிக்க முதல் மூன்றையும் எடுத்து அரிசி வாளிக்குள் போட்டு மூடினேன்.

பத்து மாதம் கழித்து வழக்கு. எதையும் மறைக்கமாட்டேன் என்று உறுதி கூறினேன். கரோலினாவின் வழக்கறிஞர் கேட்டார்: அன்று கணவரிடம் ஏதாவது வித்தியாசம் கண்டீர்களா? இல்லை என்றேன். ரெஃப்லெக்ஸ் போடும் பழக்கம் இல்லையா? போடுவார், அன்று மறந்துவிட்டார் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். சுவாமிமார் மூன்றுபேர் நின்று அடக்கம் செய்தார்கள் என்று பெருமையாக எழுதினீர்களே, அதற்காகத்தான். தானாகச் செத்தவருக்கு அந்த மரியாதை கிடைக்காது என்று பயந்தேன். பதினொரு வயதுப் பிள்ளைக்காக. உங்களுக்காக. என் வெட்கத்துக்காகவும் என்பதை இப்போதாவது சொல்லவேண்டும்.

துணை நீதிபதியாக இருக்கத் தகுதி உண்டா என்று எவ்வளவோ கேட்டார்கள். இதே கட்டடத்தில் முன்பு ஒருதரம் பொய் சொன்னாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பேன்.

முதலில் எமிலியாவுக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "அப்பாவுக்கு வருத்தம் அம்மா. கால் முறிஞ்சமாதிரி அதுவும் ஒரு வருத்தம். இதை ஏன் ஒளிச்சனீங்கள்?" என்றாள். இருபது வயதில் அவளுக்கு இருக்கிற தெளிவு நாற்பத்தைந்தில் எனக்கு இருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தேன்.

ஒரு வழக்கறிஞரிடம் போனேன். பொய்ச்சாட்சிக்கு என்னைத் தண்டிக்கும் காலம் கடந்துவிட்டதாம். சந்தோசப்படுவேன் என்று நினைத்துச் சொன்னார். நான் அழுததும் பெண்டுகள் அழும் அழுகை என்று நினைத்துக் காகிதக் கைக்குட்டை தந்தார். நீதிமன்றத்துக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். இனி எந்த வழக்குக்கும் என்னைக் கூப்பிடமாட்டார்களாம். பழைய தீர்ப்பை மறுபடி பார்ப்பதற்கென்று ஒரு குழு இருக்கிறது. நீங்கள் முன்பு கேட்டீர்களே, எடுப்பார்களா என்று. எடுப்பார்களாம்.

உங்கள் ஒரே தம்பி. அவர் நினைவை உங்களுக்குக் கெடுத்துவிட்டேன். ஏசி எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

ரஞ்சனி


குரோருட்
24.08.2025

அன்புள்ள மச்சாள்,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. நீங்கள் பூசைக்குப் போய் வருவதாகப் பக்கத்து வீட்டுச் சிவநாயகி அக்கா போனில் சொன்னார். சுகமாக இருக்கிறீர்கள் என்று அறிந்து ஆறுதல். கடிதம் கிடைத்ததா என்று கேட்கச் சொன்னேன். "கேட்டனான், அவ மழையைப் பற்றிச் சொல்லுறா" என்றார்.

வழக்கறிஞர் சொல்கிறார், ஒன்பது வருடத்துக்குப் பிறகு என் வாய்ச்சொல்லும் ஒரு ரெஃப்லெக்ஸும் மட்டும் போதாமல் போகலாம் என்று. அந்த நாளிலேயே எழுதப்பட்ட ஏதாவது வேண்டுமாம். வீடெல்லாம் தேடினேன். செல்வத்தின் பழைய பஸ் சீருடைப் பைகளைக்கூடத் தேடினேன். ஒன்றுமில்லை. அவர் கடிதம் எழுதும் மனிதரும் இல்லை.

எமிலியா முந்திமாதிரிக் கதைக்கிறாள், பாதி அளவுக்கு.

ரஞ்சனி


பேசாலை
12.10.2025

ரஞ்சனிக்கு,

உமது நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

முப்பத்தொரு வருடம் இந்த ஊரின் கடிதங்கள் என் கையால் போயின. கடலில் போனவனின் கடிதம், பிடிபட்டவனின் கடிதம், திருச்சி அகதிமுகாமிலிருந்து வந்த கடிதம். சண்டைக்காலத்தில் நாற்பது நாள் பிந்தி வந்ததைக்கூட வீடு தேடிக் கொடுப்பித்திருக்கிறேன். ஒருவருடைய கடிதத்தையும் நான் வைத்துக்கொண்டதில்லை. ஒன்றைத் தவிர.

செல்வத்தை அடக்கம் செய்து பதினெட்டாம் நாள், அவன் கையெழுத்தில் எனக்கு ஒரு உறை வந்தது. அதே பதினான்காம் திகதி ஒஸ்லோ முத்திரை. உள்ளே இரண்டு தாள். ஒன்று எனக்கு. மற்றது உமக்கு. வீட்டுப் பெட்டியைத் திறப்பது எமிலியா, அவள் கையில் அது கிடைக்கக்கூடாது, அதனால் உங்களுக்கு அனுப்புகிறேன், ரஞ்சிக்கு ஆறுதலாக எடுத்துக் கொடுங்கள் என்று எனக்கு எழுதியிருந்தான்.

நான் கொடுக்கவில்லை. உமக்கு ஒன்றும் தெரியாதென்று நினைத்தேன். விபத்தென்று நம்பியாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அடக்கப் பூசை, கோயில், ஊர்வாய் எல்லாவற்றையும் நினைத்தேன். நீர் எனக்காக மறைத்தீர், நான் உமக்காக மறைத்தேன். இரண்டுபேருமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பினோம். பொய்காரி என்று மற்றவர்கள் சொன்னதாக எழுதியிருந்தீர். அவள் உண்மைதான் சொல்கிறாள் என்று அன்றைக்கே எழுத்தில் அறிந்திருந்த ஒரே ஆள் நான். செபமாலை உருட்டிக்கொண்டு இங்கே இருந்தேன்.

எழுதாதேயும் என்று உமக்குச் சொன்னது உமக்காக அல்ல. எனக்குப் பயம்.

உமது ஆனிக் கடிதம் கிடைத்த அன்றிலிருந்து இந்தத் தாளை ஒவ்வொரு நாளும் உறையில் போட்டு எடுத்தேன். இன்று ஒட்டிவிட்டேன். உறையோடு அனுப்புகிறேன், முத்திரை தெளிவாக இருக்கிறது. திகதிக்கு அது சாட்சி சொல்லும். பதிவுத் தபாலில் வருகிறது, ஒப்பம் வைத்து எடும்.

புஷ்பராணி


(உள்ளே இருந்த தாள்)

14.01.2016

ரஞ்சி,

எனக்கு இனி ஏலாது. உன்னாலையும் இல்லை, பிள்ளையாலையும் இல்லை. டொக்டரிட்டைப் போகச் சொன்னனீ. போயிருக்கவேணும். இப்ப அதுக்கும் எழும்ப ஏலாமல் கிடக்கு.

முந்தி ஒருத்தன் என்ர பஸ்ஸுக்கு முன்னாலை விழப்பாத்தது ஞாபகமே? பிறேக் பிடிச்சது. எண்டாலும் மூண்டு மாசம் நான் படுக்கேல்லை. அது தெரிஞ்சும் இதைச் செய்யிறன். ஓட்டிக்கொண்டு வாறது ஆரெண்டாலும் அவையில பிழை இல்லை. நான் போய்ச் சொல்ல ஏலாது. நீ போய்ச் சொல்லு.

எமிலியாவை ரெஃப்லெக்ஸ் இல்லாமல் வெளியில விடாதை.

செல்வம்


குரோருட்
30.11.2025

அன்புள்ள மச்சாள்,

நாங்கள் சுகம். உங்கள் பதிவுத் தபாலுக்கு ஒப்பம் வைத்தது நான். அன்று வேலைக்குப் போகவில்லை. மூன்று கிழமையாக உங்களுக்கு ஒரு வரியும் எழுத வரவில்லை. கோபம். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் கத்தியிருப்பேன், உங்களுக்கே காது கேட்டிருக்கும்.

"நீ போய்ச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். ஒன்பது வருடமும் பத்து மாதமும் பிந்திப் போனேன்.

தாளும் உறையும் மொழிபெயர்ப்போடு குழுவுக்குப் போய்விட்டன. முடிவு வர ஒரு வருடம்கூட ஆகலாம். ஆனால் தீர்ப்பு நிற்காது என்று வழக்கறிஞர் நம்புகிறார். அவர் மூலமாகக் கரோலினாவைக் கேட்டோம், என்னைக் காண விருப்பமா என்று. ஒரு கிழமை யோசித்துவிட்டு ஓம் என்றாள். வழக்கறிஞரின் அறையில்தான் சந்தித்தோம். சுரங்க ரயிலில் வந்திருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு வாகனம் ஓட்டவில்லையாம். முப்பத்தொரு வயதுக்கு முடியில் நரை.

மன்னிப்புக் கேட்பதற்கு என்னென்ன சொல்லவேண்டும் என்று எமிலியாவோடு இருந்து எழுதிப் பழகிக்கொண்டு போனேன். எழுதிக்கொண்டு போனதைப் பைக்குள் திரும்ப வைத்தேன். செல்வத்தின் தாளை அவள் மொழியில் வாசித்தேன். அவள் அழவில்லை. முடிந்தபிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்படியென்றால் அவர் என்னைப் பார்த்தார்தானே?"

ஒன்பது வருடமாக அவள் கதையை ஒருவரும் நம்பவில்லையாம், தாய்கூட. பயத்தில் நீயே கற்பனை செய்தாய் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.

ஓம் என்றேன். தமிழில் வந்துவிட்டது. பிறகு அவள் மொழியில் சொன்னேன். "நீ சொன்னது முழுவதும் உண்மை. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். நீதிமன்றத்தில் சொல்லியிருக்கவேண்டிய சாட்சியத்தை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கை தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மச்சாள், உங்களை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை எப்படி மன்னிப்பது என்றும் தெரியவில்லை. ஆனால் செல்வத்தின் கையெழுத்தை உங்களையும் என்னையும் தவிர எங்கள் குடும்பத்தில் எமிலியா மட்டும்தான் வாசித்திருக்கிறாள், அதனால் உங்களோடு எழுதாமலும் என்னால் இருக்க முடியாது. தை பதினான்குக்குப் பூசைக்குக் கொடுங்கள். எப்படிச் செத்தார் என்பதைச் சுவாமியாரிடம் சொல்லிக் கொடுங்கள்.

தபால் பெட்டித் திறப்பை எமிலியா நேற்று என்னிடம் தந்துவிட்டாள். எனக்கு எழுதுவதை இனி நேராக எனக்கே எழுதுங்கள்.

ரஞ்சனி